கொட்டேஷனில் இல்லாதவர்கள்

முதல் வரைபடத்தில் பதினான்கு பிள்ளைகள் இருந்தார்கள்.
ஏழு ஆண், ஏழு பெண்,
நடுவே குனிந்தபடி ஒரு தாய், முக்காடு பாதி சரிந்து.
அஜ்மான் தொழிற்பேட்டை, ஷெட் நம்பர் முப்பத்தொன்று.
ஓமான் கல். வெளிர் மஞ்சள்.
தட்டினால் வெண்கலம் மாதிரிப் பேசும் கல்.

கதையை கஸ்ஸான்தான் சொன்னார், டீ நேரத்தில்,
பாதி அரபியில், பாதி கையால்.
நியோபி. கிரேக்க தேசத்து ராணி.
என் பிள்ளைகளை எண்ணிப் பார் என்று
இரண்டே பெற்ற ஒரு தெய்வத்திடம் சொல்லிவிட்டாள்.
அந்த இரண்டும் வில்லெடுத்து வந்தன.
அழுது அழுது கல்லானாள்.
கல்லான பிறகும் நிறுத்தவில்லை.

எண்ணியா சொன்னாள், என்றேன்.
யார் கேட்டாலும் என் மனைவி
'இருக்குதுங்க' என்பாள்,
அதற்கு மேல் ஒரு எண் அவள் வாயில் வராது.

இங்கே வில் தேவைப்படவில்லை.
பிரமோத் சாரின் சிவப்புப் பேனா போதுமாக இருந்தது.
செவ்வாய்க்கிழமை பதினான்கு ஏழானது.
வியாழன், மூன்று.
சனிக்கிழமை மிஞ்சியவள் கடைக்குட்டி,
தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டு.
அவளுக்கு உச்சி எடுத்திருந்தேன், பின்னல் தொடங்கியிருந்தேன்,
ஒரு காது முடிந்திருந்தது.
அப்போது போன்:
ஒற்றை உருவம் போதுமாம், அதையும் எடுத்துவிடு.

கிரைண்டரை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.
முகமூடியைத் தாண்டி
அவள் இரண்டு நாள் என் பல்லில் நறநறத்தாள்.

தாயின் வலது கை மட்டும் அப்படியே நின்றது.
அது பிள்ளையின் தலைமேல் வைத்த கை.
கீழே இப்போது ஒன்றுமில்லை.
அதை எடு என்று யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

சாமிக்குக் கண் திறக்கப் பொன்னுளி உண்டு,
தேன் உண்டு, நல்ல நேரம் உண்டு.
இவளுக்கு ஆறு மில்லிமீட்டர் டிரில் பிட்.
பிடரி வழியே குழாய் விட்டான் குல்ஜமான்.
பம்ப் போட்டதும் இடது கண் உடனே வந்துவிட்டது.
வலதில் காற்று அடைத்து
இருமி, விக்கி, கடைசியில் வந்தது.
அவன் கைதட்டினான்.
பிறகு தொப்பியைக் கழற்றி,
மொத்தம் எத்தனை பேர், என்றான்.
நான் உளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ராஸ் அல் கைமாவில் ஒரு கடற்கரை ஹோட்டல்.
சாப்பாட்டுக் கூடத்து வாசலில் தொட்டி கட்டி இறக்கினோம்.
மேனேஜர் சொன்னார்:
ஜனங்கள் சாப்பிடும் இடம், கொஞ்சம் மெதுவாக அழட்டும்.
வால்வை இரண்டு சுற்று மூடினோம்.
இரவு பதினொன்றுக்கு டைமர் நிறுத்திவிடும்,
அதற்கு மேல் துக்கம் கிடையாது.

எங்கள் பக்கம் கல்லாய்க் கிடந்த ஒருத்தியை
ஒரு காலடித் தூசி எழுப்பியது என்பார்கள்.
இங்கே கடந்து போகிற கால்கள் எல்லாம்
ரப்பர் செருப்போடு நீச்சல் குளத்துக்குப் போகின்றன.

ஐந்து மாதம் கழித்து புகார்:
கன்னத்தில் வெள்ளை வெள்ளையாய்க் கோடு.
உப்பு நீக்கிய தண்ணீர்தான்.
நீக்கியும் ஏதோ ஒன்று ஒளிந்து வந்திருக்கிறது.
ஆசிட் வைத்தால் முகமே போய்விடும்.
பம்ப்பை நிறுத்தி, ஏணி போட்டு,
பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தேன்.
இடது கன்னம் முடிய மதியமாகிவிட்டது.

அப்போதுதான் அந்தப் பெண் குழந்தை வந்தாள்.
ஈரத்தலை, இடுப்பில் காற்றடைத்த வாத்து.
தொட்டி விளிம்பில் ஏறி
கைக்குக் கீழே நேராகப் போய் நின்றாள்.
அவள் அம்மா போனை உயர்த்தி
என்னைத் தள்ளி நிற்கச் சைகை காட்டினாள்.
ஏணியோடு தள்ளினேன்.

சரியாக இருந்தது.
உச்சிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே
ஒரு நூல் இடைவெளி இல்லை.
அளவு நான் எடுத்ததல்லவா.

பின்னாலேயே அண்ணன் ஓடி வந்தான்,
அவனுக்குப் பின்னால் இன்னும் ஒரு பொடியன்.
படத்துக்காக அவள் எண்ணத் தொடங்கினாள்,
சத்தமாக, சிரித்துக்கொண்டே,
ஒன், டூ

எண்ணாதீங்கம்மா என்று வாய்வரை வந்தது.
வலது கன்னம் இன்னும் பாக்கி இருந்தது.