மூன்று வோல்ட்

பெரியமேட்டில் உப்புத்தோல் ஏற்றி
பேரணாம்பட்டுக்குப் போகிற வண்டி.
தொண்ணூற்று நாலு மாடல் லேலண்டு.
வாலாஜா தாண்டும்போதே
டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு.
முழுசாக எரியவில்லை, அணையவும் இல்லை,
காற்றில் பிடித்த பீடி நுனி மாதிரி.
ஹெட்லைட் போட்டால் கொஞ்சம் சிவக்கும்.
எதிரே வரும் பஸ்ஸுக்கு டிம் அடித்தால்
அதுவும் ஒரு தடவை தாழ்ந்து எழும்.

மூன்று மாதமாக இதே கதை.
ராணிப்பேட்டையில் பெல்ட்டை இறுக்கினார்கள்.
கட்டைவிரலுக்கு அரை அங்குலம் அமுங்கணும்,
அமுங்கியது. விளக்கு எரிந்தது.
சத்துவாச்சாரியில் கார்பன் பிரஷ், அப்புறம் ரெகுலேட்டர்,
அப்புறம் ஆல்டர்னேட்டரையே கழற்றி
மேஜைமேல் ஓட்டிக் காட்டி
"தங்கம் மாதிரி கீதுபா" என்றார்கள்.
தங்கத்துக்கு நாலாயிரத்து எழுநூறு கொடுத்தேன்.

விடிந்தால் பேட்டரி செத்துக் கிடந்தது.

அப்போதுதான் சஞ்சீவியைப் பார்த்தேன்.
கிளீனர். ராத்திரி கேபினில் படுப்பவன்.
செல்லுக்குச் சார்ஜ், மூஞ்சிக்கு ஃபேன்,
காதுக்குப் பாட்டு,
என் பேட்டரியை உறிஞ்சிக் குடிக்கிறான் என்று
நானே தீர்ப்பெழுதினேன்.
"இல்லண்ணா" என்றான் ஒரு தடவை.
இரண்டாம் தடவை சொல்லவில்லை.
பேட்டாவில் அறுநூறு பிடித்துக்கொண்டேன்.
மறுவாரம் வேறு வண்டி ஏறிவிட்டான்.
விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.
அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்கணும்.

பள்ளிகொண்டா டோலுக்கு அப்பால் இடதுபக்கம்
ஒரு தகரக் கூரை, ஒரு டியூப்லைட்,
கைலியை மடித்துக் கட்டிய ஜக்கரியா.
மணி ஒன்றரை. "இன்ஜின நிறுத்தாத" என்றான்.
மீட்டரை ஆல்டர்னேட்டரில் வைத்தான். இருபத்தெட்டு.
பேட்டரியில் வைத்தான். இருபத்தஞ்சு.
"மூணு எங்க போச்சு?"
என்னைக் கேட்கவில்லை, வண்டியைக் கேட்டான்.

டார்ச் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் முறுக்கி
ஒரு முனை அங்கே, ஒரு முனை இங்கே.
ஒரே கேபிளின் இரண்டு நுனி,
எரியவே கூடாது.
எரிந்தது.

"இந்த வெளக்கு ரெண்டு பேருக்கு நடுவுல நிக்குதுண்ணா.
இந்தாண்ட பேட்டரி, அந்தாண்ட ஆல்டர்னேட்டர்.
ரெண்டும் சமமா நின்னா அணைஞ்சிடும்.
ஒண்ணு தாழ்ந்தா மினுக்கும்.
அவ்ளோதான் அதுக்குத் தெரியும்.
யாரு இன்னான்னு அது சொல்லாது."

சாசியோரம் குனிந்து
கேபிளைத் தடவிக்கொண்டே நகர்ந்தான்,
காய்ச்சல் பார்ப்பவன் கையோடு.
பேட்டரிப் பெட்டிக்கு ஒரு முழம் முன்னால் கை நின்றது.
"சுடுது."
இன்ஜினை நிறுத்தி, கனெக்‌ஷனைக் கழற்றி
பிளேடால் ரப்பரைக் கீறினான்.
உள்ளே செம்பு இல்லை. பச்சை மாவு.

அண்ணாந்து பார்த்தேன்.
பலகை இடுக்கில் ஒரு சொட்டு
விழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
தோலிலிருந்து வடிகிற உப்புத்தண்ணி.
எத்தனை வருஷம், எத்தனை லோடு,
அதே இடத்தில்.
என் சோறே என் ஒயரைத் தின்றிருக்கிறது.

ஒன்றரை மீட்டர் கேபிள், இரண்டு லக்,
அதன்மேல் பழைய டியூப்பை வெட்டி ஒரு கோவணம்.
ஆயிரத்து நூறு.
கடை பேட்டரியைக் கொடுத்துச் சாவியைத் திருப்பச் சொன்னான்.
விளக்கு பளிச்சென்று எரிந்தது, எரியணும்.
இன்ஜின் எழுந்ததும் அணைந்தது.

குடியாத்தம் ரோட்டில், பாலாற்றுப் பாலத்தின்மேல்,
கீழே மணலா தண்ணியா தெரியாத இருட்டில்
கண் சும்மாச் சும்மா அந்த இடத்துக்கே போனது.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

பேரணாம்பட்டு ஷெட் வாசலில், விடிகாலை,
சஞ்சீவி நம்பருக்கு அறுநூறு அனுப்பினேன்.
என்ன எழுதுவதென்று தெரியாமல்
"ஒயர்தான்" என்று மட்டும் எழுதினேன்.

தோலை இறக்கி முடிப்பதற்குள் செல் அதிர்ந்தது.
நாற்பது ரூபாய் திரும்பி வந்திருந்தது.
"மே மாசத்துல
ரெண்டு நாள் ஃபேன் போட்டேன்ணா."