அறுபதுக்கு மேல் ஒரு சத்தம்

அறுபதுக்கு மேல் போனால்தான் அது பேசும்.
பரந்தன் சந்தியில் முல்லைத்தீவுப் பக்கம் திரும்பி
வெட்டையில் காற்று ஏறிய உடனே
டப டப டப என்று
முன்கண்ணாடியின் இடது ஓரத்தில்.
எட்டு மாதம்.
நான் ஐம்பத்தெட்டில் ஓடப் பழகிவிட்டேன்.

கொழும்புக்குப் போன் எடுத்தேன்.
கிளிப் தனியாக வராதாம்,
பீடிங்கோடு செட்டாகத்தான்,
இருபத்திரண்டாயிரம்.
அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன்.
கடிதம் இன்னும் யாருடைய மேசையிலோ.

புதுக்குடியிருப்பில் தயாபரியின் கராஜ்:
நாலு மரக்குற்றி, ஆறு தகரம்.
நான் நீட்டிய திருப்புளியைப் பார்த்து
"இரும்பு வைச்சா பெயின்ற் போகும், விடுங்கோ" என்றாள்.
பல்துலக்கித் தடி ஒன்றைத் தேய்த்துத்
தட்டையாக்கி வைத்திருந்தாள்.

கீழ் முனையில் தொடங்கினாள்.
ஒரு விரற்கடை. நிறுத்தம்.
காதை வைத்தாள்.
இன்னொரு விரற்கடை.
முகமாலையில் நாலு வருஷம்
கண்ணிவெடி எடுத்த கை என்று
தேத்தண்ணி கொண்டுவந்த பொடியன் சொன்னான்.
"அங்க சம்பளம் நேரத்துக்கு வரும்" என்றாள் அவள்,
தலை நிமிராமல்.

பீடிங் கழன்றது.
உள்ளே செம்மண்,
காய்ந்த குளவி ஒன்று,
எந்த மரத்துப் பூவென்று தெரியாத தூள்.
ஏழு கிளிப்பில் ஐந்து
பால் பல் மாதிரி உடைந்து.
எடுத்தவற்றைப் பத்திரிகைத் தாளில்
இருந்த வரிசையிலேயே வைத்தாள்.

வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்த கடித உறை:
பத்துக் கிளிப், வேறு வாகனத்துடையது,
காது கொஞ்சம் நீளம்.
பிளேட்டால் சீவினாள், ஊதினாள்,
உள்ளங்கையால் அமுக்கினாள்.
சொடக்.
சொடக்.
சொடக்.
நாலாவது மட்டும் வாய் திறக்கவில்லை.
கழற்றி மறுபடி சீவினாள்.
அந்த ஒன்றுக்கே இருபது நிமிடம்.
உடையாத இரண்டையும் அவள் நம்பவில்லை,
மாற்றினாள்.

ஆயிரத்து ஐந்நூறு. பற்றுச்சீட்டு இல்லை.

அடுத்த நாள் தேராவில் தாண்டித்
தொண்ணூறில் ஓடினேன்.
காற்று கண்ணாடியில் வழுக்கிப் போனது.
ஒரு சத்தமும் இல்லை.
அதனால்தான் கேட்டது,
பின் இருக்கையில் மேடம் போனில்:
"மார்ச்சோட புரொஜெக்ட் முடியுது.
ஓம், வாகனத்தையும் கொழும்புக்கு எடுக்கினமாம்.
றைவருக்கு இன்னும் சொல்லேல்ல."

விசுவமடு வந்தது.
கால் தானாக ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது.

பின்னேரம் சாவி கொடுக்க முதல்
மிச்சம் மூன்று கிளிப்பையும்
கடதாசியில் சுற்றி
முன் லாச்சிக்குள் வைத்தேன்.
"இடது பக்கம், நாலாவது, கவனம்"
என்று மேலே எழுதினேன்.
இனி ஓடப்போகிறவன் தேடுவான்.