ஒரு ரிங்

காலை ஐந்து பத்து. மேல்பட்டி ரயில்வே கேட்டோரம்
பதினான்கு கேள்விகள் அச்சடித்த தாளோடு நிற்கிறேன்.
"செயலி பயன்படுத்த எளிதாக உள்ளதா?"
நான்காம் கேள்வி.
காட்பாடி ஆபீசின் ஏசியில் எழுதியபோது
அதற்கு அர்த்தம் இருந்தது.

ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்
இப்போது எங்கே வருகிறதென்று
வரைபடத்தில் ஒரு மஞ்சள் புள்ளி நகரும்.
மூன்று மாதம் அந்தப் புள்ளிக்காக உழைத்தோம்.
மஞ்சளா ஆரஞ்சா என்றே
ஒரு முழுச் செவ்வாய்க்கிழமை போனது.

"நல்லாதான்மா கீது" என்றாள் பவுனு.
"நல்லா கீதுங்க" என்றாள் ரஹ்மத் பீ.
தேவகிருபை தலையை மட்டும் ஆட்டினாள்,
வாயில் ஹேர்பின்.
மூன்று டிக்.

ஐந்தாம் கேள்வியை
ஒரு கூட்ஸ் வண்டி அடித்துக்கொண்டு போனது,
ஐம்பத்தெட்டுப் பெட்டிகள்.
கத்திக் கேட்க வெட்கப்பட்டு
சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.
அன்றைக்கு நான் செய்த ஆய்வு
அவ்வளவுதான்.

யாரும் செயலியைத் திறக்கவில்லை.
பவுனுவின் போன் ஒருமுறை ஒளிர்ந்து அணைந்தது.
எடுக்கவில்லை.
வேறொரு எண்ணை அழுத்தினாள்,
ஒரு ரிங், கட் பண்ணினாள்.
எல்லோரும் டிபன் பையைத் தூக்கித் தோளில் போட்டார்கள்.
நாலு நிமிஷத்தில் பஸ் வந்தது.
மஞ்சள் புள்ளி அப்போதும்
குடியாத்தம் பாலத்திலேயே நின்று
யோசித்துக்கொண்டிருந்தது.

நானும் ஏறிக்கொண்டேன்.
தாள் நாலாக மடிந்து பைக்குள் போயிருந்தது.
"அந்த போன்..." என்று பாதியில் விட்டேன்.
மீதியை நான் முடிக்காததால்
அவள் முடித்தாள்.

"முன் ஸ்டாப்புல சரளா ஏறுனா எனக்கு ஒரு ரிங் உடுவா.
வந்தா நான் ரைஸ்மில்லு ஜெயசுதாவுக்கு உடுவேன்.
துட்டு ஆவாது பாரு."
"வரலைன்னா? பஸ் லேட்டா?"
"பஸ் லேட்டுன்னா ரெண்டு ரிங்.
ஒண்ணுமே வரலைன்னா சரளாவுக்கு இன்னாமோ ஆச்சு.
போன மாசம் வரல. ரஹ்மத்து பேசிப் பாத்தா,
புள்ளைக்கு ஜுரம், ராவெல்லாம் ஆஸ்பத்திரில கீறா.
சூப்பர்வைசர்கிட்ட நாங்களே சொல்லிக்கினோம்."

திங்கட்கிழமை.
தீர்த்தகிரி சார் பேனாவைத் தட்டிக்கொண்டே கேட்டார்:
"அப்போ அந்த ரிங் தானாகவே போகிற மாதிரி
செய்துவிடலாமே?"
எல்லோரும் தலையாட்டினார்கள்,
வாயில் ஹேர்பின் இல்லாமலே.
நல்ல யோசனைதான்.
அதனால்தான் வயிற்றைப் பிசைந்தது.

சரளா ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும்
ரிங் போகும் சார்.
சரியான நேரத்துக்கு,
யாரும் உடாமல்.

"எத்தனை பேர் இப்படிச் சொன்னார்கள்?"
ஒருத்தி.
"நல்லா இருக்கிறது என்றவர்கள்?"
பதினேழு. அந்தப் பதினேழை
நீங்கள் எண்ணாமலிருந்தால் நல்லது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ரொம்ப நேரம் துடைத்தார்.
நான் வாயைத் திறக்கவில்லை,
பவுனுவிடம் பலித்தது இங்கும் பலிக்கும் என்று.
"வியாழக்கிழமை நானும் வருகிறேன்" என்றார் கடைசியில்.
எத்தனை மணிக்கு என்று கேட்டு
முகம் சுளித்தார்.

புதன்கிழமை நான் போகவில்லை.
காட்பாடியில் போர்வைக்குள் கிடந்தேன்.
ஐந்து பதினாலு.
தலையணைக்கடியில் போன் ஒருமுறை அதிர்ந்து
அடங்கியது.

பவுனு.

பஸ் வந்துவிட்டது என்கிறாளா,
உனக்கு இன்னா ஆச்சு என்கிறாளா,
தெரியவில்லை.
எந்த வரிசையில் எனக்கு இடம் போட்டிருக்கிறாள்?
எனக்கு அடுத்தது யார்?

இருட்டில் எண்களைத் தள்ளிப் பார்த்தேன்.
தீர்த்தகிரி சார்.
ஒரு ரிங். கட்.

உடனே திருப்பிக் கூப்பிட்டார்.
நான் எடுக்கவில்லை.