துணிக்கு மேலே இடமில்லை

படுக்கை விரிப்பின் அகலம்தான்.
இரண்டு ஓக் மரங்களுக்கு நடுவே கட்டி
முன்னால் பாதரச விளக்கைத் தொங்கவிட்டால்
மேகத்துக்குள் ஒரு சதுர நிலா.

ஜெனரேட்டரைச் சுமந்து வருபவன் கிறிசாந்தோ,
என் கொழுந்தன். நெற்றியில்
சுமைவார் பதிந்த தழும்பு.
பூச்சி பார்க்கவா இந்தப் பாரம் என்று
ஏழு வருஷமாகக் கேட்கிறான்.

நான் எலூவியா தியுல்.
பகலில் ஏலக்காய் பறிப்பவள்.
ஜூன் மாத அமாவாசையை ஒட்டிப் பத்து இரவு
வண்டு எண்ணுபவள்.
எண்ணிக்கை குறைந்தாலும் கூலி குறையாது என்று
முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.
பொய் எழுத எனக்குக் காரணமே இல்லை.

எட்டரை மணிக்கு மேல்தான் வண்டுகள்.
வருவதில்லை, விழுகின்றன.
இருட்டுக்குள்ளிருந்து யாரோ காசு எறிவதுபோல
டப். டப்.
பச்சை ஓட்டில் வெள்ளிக்கோடு இழுத்தது.
கொம்பு வைத்தது.
குரங்குச் சாணத்துக்குக் கிளம்பி
விளக்கில் வந்து ஏமாந்தது.
முழுக்கப் பொன்னானது ஒன்று: அதன் முதுகில்
என் முகமும் துணியும் மலையும்
கடுகளவுக்கு வளைந்து கிடந்தன.

முதல் வருஷம் ஓடைக்கரையில் கட்டினோம்.
மேகம் அப்போது அங்கேதான் படுத்திருக்கும்.
பிறகு அது எழுந்து மேலே போனது.
கிளைகளில் தொற்றி வளரும் செடிகளின்
குவளைத் தண்ணீர் வற்றியது.
வண்டு மேகத்தின் பின்னால்,
துணி வண்டின் பின்னால்,
நாங்கள் துணியின் பின்னால்.

இந்த வருஷம் உச்சி.
ஒரு முனையை எல்லைக்கல்லில் கட்டினேன்.
மறுமுனைக்கு மரமில்லை.
கிறிசாந்தோ பிடித்துக்கொண்டு நின்றான்.

வந்தவை தொண்ணூற்று நான்கு.
அதில் அறுபது,
கீழே எங்கள் ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையில்
பல்பைச் சுற்றித் திரியும் அதே காப்பி நிறத்து வண்டு.
தூரத்துச் சந்தையில் ஊர்க்காரரைப் பார்த்ததுபோல
முதலில் சிரிப்பு வந்தது.
பிறகுதான் வயிற்றைப் பிசைந்தது.

உச்சிக்கென்றே உள்ளது விளக்குக்கு வராது.
பறந்தால் காற்று பள்ளத்தில் கொட்டிவிடும் என்று
எப்போதோ இறக்கையைக் கைவிட்ட இனம்.
முதுகின் இரண்டு ஓடும் ஒட்டிப்போய் ஒன்றாகிவிட்டது.
பாசிக்கடியில் கைவிட்டுத் தேட வேண்டும்.
நான்கு வருஷமாக என் கைக்கு ஈரம்கூடக் கிடைக்கவில்லை.
கண்டால் சாராயக் குப்பியில் போடு,
இல்லையென்றால்
அது இருந்ததற்கே சாட்சி இல்லை
என்பது பேராசிரியையின் கட்டளை.

இரண்டு மணிக்கு ஜெனரேட்டர் இருமி நின்றது.
இருட்டு சட்டென்று எங்கள் மேல் ஏறி உட்கார்ந்தது.
"துணியை விட்டுடவா?"
"விடாதே."
"பூட்ஸ் மேல ஏதோ நடக்குது."

டார்ச் அடித்தேன்.
கறுப்பு. சுண்டுவிரல் நகம் அளவு.
அவசரமே இல்லாமல்
லேஸ் துளைகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தபடி
ஏறிக்கொண்டிருந்தது.

போன வருஷம் ஒரு வெளிநாட்டானுக்கு
இரண்டு பொன்வண்டு விற்றவன் கிறிசாந்தோ.
மெதுவாகக் கேட்டான்,
"இது எவ்வளவு போகும்?"
"இதுக்கு விலையே கிடையாது."
"அப்ப விட்டுடு."

குப்பியின் மூடி என் ஒரு கையில்.
குப்பி மறு கையில்.
நோட்டில் "ஒன்று" என்று எழுதவும்
மூன்றாவது கை இல்லை.

கால் மரத்துப் போச்சு, அண்ணி, என்றான்.
அசையாதே என்றேன்.