பன்னிரண்டாம் குழி

முதல் குழியில் அளவு ஏணி.
அடுத்த பத்தில் நாங்கள், எங்கள் எச்சில்.
பன்னிரண்டில் தண்ணீர்.
எதுவும் இல்லை என்று காட்டுவதற்காக
ஒவ்வொரு ஓட்டத்திலும் கூடவே ஓடவேண்டிய
வெறும் தண்ணீர்.

நீல வெளிச்சத்தில் ஜெல்லை வைத்தேன்.
பன்னிரண்டிலும் ஒரு கோடு.
மெலிசுதான். ஆனாலும் கோடு.

"யாராவது தும்மியிருப்பீர்கள்" என்றாள் ஹெஸ்ஸா.
மேசையை பிளீச் ஊற்றித் துடைத்தோம்.
புது நீர், புது நொதி, புது ப்ரைமர்.
கண்ணாடிக்கு வெளியே ஷார்ஜா
ஆகஸ்டில் வெந்துகொண்டிருந்தது;
உள்ளே பதினெட்டு டிகிரியில் என் விரல்நுனி மரத்தது.
மூன்று ஓட்டம். மூன்று முறையும் வந்தது,
அதே இடத்தில், அதே உயரத்தில்.

சரி, யாரென்றுதான் படித்துவிடுவோமே என்று
வரிசைப்படுத்த அனுப்பினேன்.
நான்கு நிறத்தில் முகடு முகடாகத் திரும்பி வந்தது
ஒருவரின் தாய்வழி.
எம் என்னும் பெருங்கிளை.
வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது:
அந்த அறையில் எம் நான் ஒருத்திதான்.

எட்டு மணிவரை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தேன்.
மூன்று இடத்தில் நான் அது இல்லை.
எனக்கு சி இருக்குமிடத்தில் அதற்கு டி.
ஒரு நிமிடம் நிம்மதி.
பிறகு, அப்படியானால் யார்?

விலக்குப் பட்டியலை எடுத்தேன்.
உள்ளே வருகிற எல்லோரும் அதில் உண்டு:
பேராசிரியர்கள், மாணவர்கள்,
கருவி பழுது பார்க்க ஜெர்மனியிலிருந்து
ஒரே ஒரு நாள் வந்துபோனவர்கூட.
ஒன்றும் பொருந்தவில்லை.

ஒன்பதரைக்குக் கதவு திறந்தது.
கங்காராம், நிஜாமாபாத்காரர்.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.
பைப்பெட் முனைகளை ஒவ்வொன்றாக
பெட்டியில் நிறுத்தத் தொடங்கினார்,
தொண்ணூற்றாறு துளை, வெறுங்கை.
பதினான்கு வருடமாக அவர்தானாம்.
கிருமியைக் கொல்லும் நீராவி
வரிசையை முழுதாக அழிப்பதில்லை.

"கையுறை?" என்றேன், என் உடைந்த இந்தியில்.
"அது மாணவர்களுக்கே எண்ணித்தான், மேடம்.
ஏன், தப்பாகிவிட்டதா?"

இல்லை என்றேன்.
கேட்டிருக்கலாம்: வாயைத் திறங்கள்,
ஒரு பஞ்சுக்குச்சி, ஒரு படிவத்தில் கையெழுத்து.
போட்டிருப்பார்.
எந்தக் காகிதத்தை நீட்டினாலும்
எங்கே போடவேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போடுவார்.
அதனால்தான் நீட்டவில்லை.
ஆனால் அதற்கு முன்பே, கேட்காமலே,
நானூறு எழுத்து அவரைப் படித்திருந்தேன்.
அவராக இருந்தால்.
'விலக்க முடியாது' என்பதுதான் சரியான சொல்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
மாசு. மூலம் தெரியவில்லை.
முனை அடுக்குபவருக்கும் கையுறை வேண்டும்.
என் பெட்டியைக் கொடுத்தேன், நடுத்தர அளவு,
கட்டைவிரலில் கிழிந்துபோனது.
அடுத்த வாரம் பெரியது வாங்கினேன்.

அடுத்த ஓட்டத்தில் பன்னிரண்டு இருட்டு.
ஹெஸ்ஸா கைதட்டினாள்.
ஆய்வேட்டில் வைக்கலாம் என்று
டாக்டர் ஃபாத்தின் படம் எடுத்தார்.
எல்லோரும் போனபின்
நான் திரையின் பிரகாசத்தைக் கூட்டிப் பார்த்தேன்,
இன்னும் கொஞ்சம்,
இன்னும் கொஞ்சம்.