திரும்பும் காற்று

சாஸ்கடூன். பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
வேனை அணைக்காமலே இறங்கினேன்.
அணைத்தால் மறுபடி கிளம்புமென்று உறுதியில்லை.

கதவைத் திறந்தவள் நோரீன் ஹவ்ரிலுக்.
"கீழே ஒருவர் இருக்கிறார்.
அவருக்கு என்ன வேண்டுமென்று அவரே சொல்வார்."
கீழ்த்தளத்தில் ஓரெஸ்ட்.
மடக்குக் கட்டில், ரொட்டி சுடும் டோஸ்டர்,
சத்தம் அணைத்த ஹாக்கி ஆட்டம்,
கட்டிலுக்கு நாலடி தள்ளி
இருபத்தாறு வருடத்துப் பர்னஸ்.

வேலைத்தாளில் இருந்தது இவ்வளவுதான்:
பழையதை எடுத்துப் புதியது வைக்க.
வீட்டை இரண்டு மண்டலமாகப் பிரிக்க.
தெர்மோஸ்டாட் இரண்டு.
டெக்னீஷியன்: டெல்ஃபின் லாரிவியேர்.
அது நான்.

ஏன் என்று நான் கேட்பதில்லை.
ஏணியில் நிற்பவனிடம் எல்லோரும் தாமாகவே சொல்வார்கள்.
விற்றால் கடன் போக ஆளுக்கொரு பழைய கார்கூடத் தேறாதாம்.
அவளுக்கு இருபத்திரண்டு டிகிரி.
அவருக்குப் பதினெட்டுக்கு மேல் மூச்சு முட்டும்.
நடைபாதைச் சுவரில் பழைய தெர்மோஸ்டாட்,
அதன் மேல் ஒட்டிய டேப்பில் ஒரு கையெழுத்து: தொடாதே.
அடியில் இன்னொரு கையெழுத்து: நீயும்.

பர்னஸின் முன்தகட்டைக் கழற்றினேன்.
டார்ச்சும் பல்டாக்டர் கண்ணாடியுமாய் உள்ளே தலையை விட்டால்
எரியறைத் தகட்டில் மயிரிழை போல ஒரு விரிசல்.
வால்வை உடனே மூடினேன்.
"யாருக்காவது தலைவலி உண்டா?"

"நவம்பரிலிருந்து" என்றது மாடிப்படியில் ஒரு குரல்.
ஓரெஸ்ட் நெற்றியைத் தொட்டுக்கொண்டார்.
"இவள் ஏற்றி வைக்கிற சூட்டால் என்றிருந்தேன்."
"நான் இவர் பேச்சால் என்றிருந்தேன்."

புகையில்லை, நிறமில்லை, மணமில்லை அதற்கு.
எச்சரிக்கும் அலாரம் எங்கே என்றேன்.
இழுப்பறையில் இருந்தது, பேட்டரி இல்லாமல்.
ராத்திரியில் கத்திக்கொண்டே இருந்ததாம்.
கழற்றியது யாரென்று இருவருமே சொல்லவில்லை.

எல்லா ஜன்னலையும் திறக்கச் சொன்னேன்.
மைனஸ் முப்பத்தொன்றில்.
கால்மணி நேரத்தில்
மாடியும் கீழும் ஒரே குளிராயிற்று.
கோட்டும் கம்பளித் தொப்பியுமாய்
சமையல் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்,
பஸ் வராத நிறுத்தத்தில் இருவர் போல.

பழைய பர்னஸ் எழுபது கிலோ. படி பன்னிரண்டு.
என் கூட்டாளி வராத நாள்.
ஓரெஸ்ட் கீழே தோள் கொடுத்தார்,
நோரீன் மேலே பட்டையை இழுத்தாள்,
நடுவில் தள்ளுவண்டியும் நானும்.
இடது. கொஞ்சம் இரு. சரி. மெதுவா, உன் முதுகு.
அந்த "உன் முதுகு" யார் யாருக்குச் சொன்னது
என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.
வாசலில் வைத்தபோது இரும்பில் மிச்சமிருந்த சூட்டில்
அடியிலிருந்த பனி இளகி
நாலு பக்கமும் கறுத்தது.

மாலைக்குள் புதியதைப் பொருத்தி
குழாய்களில் இரண்டு டாம்பர் மாட்டி
மேலுக்கொன்று, கீழுக்கொன்று என்று ஓட்டிக் காட்டினேன்.
ஓரெஸ்ட் கேட்டார்:
"திரும்பி வரும் காற்று?"

போகிற காற்றுக்குத்தான் இரண்டு வழி.
திரும்புவதற்கு ஒன்றே.
மேலே விட்ட மூச்சும் கீழே விட்ட மூச்சும்
அந்த ஒரே ஃபில்டருக்குத்தான் வரும்,
கலந்து, சூடாகி, மறுபடி போகும்.
அதையும் பிரிக்கலாம். சுவரை உடைக்க வேண்டும்.
இன்னும் நாலாயிரம் டாலர்.

அன்று முதல் தடவையாக இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.
"வேண்டாம்."
யார் முதலில் சொன்னது, தெரியவில்லை.

ஃபில்டர் ஓரத்தில் மார்க்கரால் தேதி போட்டேன்.
மூன்று மாதத்துக்கொரு முறை மாற்ற வேண்டும் என்றேன்.
"யார்?" என்றாள் நோரீன்.
அது வேலைத்தாளில் இல்லை.

ரசீது இரண்டு பிரதி கேட்டார்கள், கொடுத்தேன்.
கீழே பதினெட்டு வைத்தார், மேலே இருபத்திரண்டு.
சூடு தானாகவே மேலே ஏறும் என்று
நானாகச் சொல்லப் போகவில்லை.
புது அலாரத்துக்கு என் பையிலிருந்த பேட்டரியைப் போட்டு
ஒருமுறை கத்தவிட்டுப் பார்த்தேன்.

வேன் ஓடிக்கொண்டேதான் இருந்தது.
பெட்ரோல் கால் டேங்க்.