நான்காவது அறை

எடைமேடையில் வேலை எனக்கு, எண்ணூர் விரைவுச் சாலையில்.
கண்டெய்னர் லாரி ஏறும், எண் விழும், சீட்டைக் கிழிப்பேன்.
அதனால் எடையை முதலில் சொல்லிவிடுகிறேன்:
தோட்டா இல்லாமல் எழுநூற்று இருபது கிராம்.
காசிமேட்டில் சின்னக் கொடுவா ஒன்று வாங்குவோமே, அவ்வளவுதான்.
நீட்டிய கையில் பத்து நிமிடம் பிடித்தால்
மீன் வளர்ந்துவிடும்.

விலை முப்பத்தோராயிரம்.
சீட்டைத் தள்ளி எடுத்ததில் நாலாயிரம் நஷ்டம், அது தனி.
விற்றவர் பெரம்பூர் டெரன்ஸ். கண்ணில் புரை.
"முன்முள் ரெண்டா தெரியுது, ஜெசிந்தா.
ரெண்டையும் நம்ப முடியல."

உரிமம் என் பேருக்கு வர எட்டு மாதம்.
எந்த ஏரியா என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர்.
தண்டையார்பேட்டை.
பேனா நின்றது.
"உனக்கு எதுக்கும்மா இது?"
"வட்டத்தைச் சுட, சார்."
"எத்தனையாவது வட்டம்? எந்தக் கட்சி?"
அவர் தாளிலேயே ஒன்று வரைந்து
நடுவைக் கறுப்பாக்கிக் காட்டினேன்.
சிரிக்கவில்லை. கோப்பில் சேர்த்துக்கொண்டார்.
என் முதல் இலக்கு
இன்னும் அங்கேதான் ஓட்டையில்லாமல் இருக்கிறது.

விசை கனம். எங்கள் தெருக் கைப்பம்பே தேவலை.
ஆனால் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னிழுத்து வைத்துவிட்டால்
உலர்ந்த குச்சி ஒடிகிற மாதிரி, சுத்தமாக விடும்.
கைப்பிடி யாரோ பெரிய கைக்காரருக்குச் செய்தது;
சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறேன்.
சாயங்கால வெளிச்சத்தில் முன்முள் காணாமல் போகும்;
ஆபீஸ் வெள்ளை மையில் ஒரு புள்ளி.
கடல் காற்றும் மணலிக் காற்றும் சேர்ந்தால்
ஒரு வாரத்தில் துரு பூக்கும். தையல் மிஷின் எண்ணெய் போதும்.
சத்தம், பிஜிலி வெடி. உதைப்பு என்று ஒன்றும் இல்லை.

ஆறு அறை.
ஐந்து சொன்ன பேச்சைக் கேட்கும்.
நான்காவது மட்டும் இடப்பக்கம் மேலே,
ஏழாம் வளையத்துக்குக் கொண்டுபோய் வைக்கும்.
அதன் விளிம்பில் சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு இட்டேன்.
போட்டியில் சுடுவது ஐந்தைந்தாகத்தான்,
பொட்டு வைத்ததைக் காலியாக விட்டுவிடுவேன்.
இரண்டு வருடம் இப்படியே நடந்தது.
ஒரு வெண்கலம்கூட வந்தது.

தேர்தல் அறிவித்தார்கள்.
ஊரில் உரிமம் வைத்திருப்பவர்களோடு நானும் வரிசையில் நின்றேன்.
ஏட்டு கஜலட்சுமி ரசீது எழுதி,
துணியில் சுற்றி, அரக்கு ஒட்டி, உள்ளே வைத்தார்.
எழுபது நாள்.
மேடையில் லாரி நிற்கும் நேரத்தில்
தண்ணீர் பாட்டிலை நீட்டிப் பிடித்து மூச்சை நிறுத்தினேன்.
"யாருக்குக்கா வழி காட்டுற?" என்றார் ஒரு டிரைவர்.

திரும்பி வந்தபோது மண்ணெண்ணெய் வாடை.
"ஏதோ செவப்பா கறை இருந்துச்சு," என்றார் ஏட்டு,
"நானே சுரண்டித் தொடச்சு வெச்சேன்."
அவர் முகத்தைப் பார்த்து நன்றி என்றுதான் சொல்ல முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை. கிடங்குக்குப் பின்னால் மண்மேடு.
பென்சிலால் அறைக்கு ஓர் எண்,
எண்ணுக்கு ஒரு தாள்,
தாளுக்கு ஐந்து தோட்டா.
ஒன்பது, பத்து, ஒன்பது, ஒன்பது.
ஆறு தாளும் அக்கா தங்கைகள்.
ஒரே ஒரு ஏழு,
அதுவும் சாலையில் ஹாரன் அடித்தபோது
நான் இமைத்த தாளில்.

டெரன்சுக்குப் போன் போட்டேன்.
"நாலாவதா?" என்றார்.
"எனக்கு ரெண்டாவதுதானேம்மா கெட்டது.
பன்னெண்டு வருஷம் அதைக் காலியாத்தான் வெச்சிருந்தேன்."
ரெண்டு பேரும் கொஞ்ச நேரம்
ஒன்றும் பேசவில்லை.
பின்னால் அவர் வீட்டுக் குக்கர் கூவியது.

நகப்பூச்சுக் குப்பியில் பாதி மிச்சம்.

இந்த விலைக்கு வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம்.
கைப்பிடித் திருகு மட்டும் ஆடுகிறது.
ஒரு வாஷர் போட வேண்டும்.